திங்கட்கிழமை எண்கள்

இன்னும் இரண்டு நாள் வண்டி ஏறினால் போதும் என்று குணசேகர் நினைத்துக்கொண்டிருந்த வியாழக்கிழமை காலையில்தான் அந்தக் கயிறு நாற்பத்திரண்டு புள்ளி ஏழு டன்னில் அறுந்தது.

அறுந்தது பிரச்சினை இல்லை. அறுப்பதற்குத்தான் அங்கே சம்பளம். மகாதேவபுரத்தில் தகரக் கூரை போட்ட நீளக் கூடம் அது. லிஃப்டுக்கும் கிரேனுக்கும் குவாரிக்கும் போகிற இரும்புக் கயிறுகளிலிருந்து ஆளுயரத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் உருக்கிய துத்தநாகம் ஊற்றிக் கிண்ணத்தில் பிடித்து, பெஞ்சில் கிடத்தி இழுப்பார்கள். எத்தனை டன்னில் அறுகிறதோ அதை எழுதி சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை பெஞ்சையே சோதிக்க வேண்டும். அதற்கென்று ஓரத்தில் ஒரு பெரிய உருளைக் கயிறு இருபது வருடமாகக் கிடக்கிறது. எல்லாரிடமும் குறை கண்டுபிடிப்பதால் அதற்கு மாமியார் என்று பெயர். அதில் ஒரு துண்டை வெட்டி இழுத்தால் மாமியார் நாற்பத்தொன்றில் அறுவாள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. இருபது வருடத்தில் நாற்பத்தொன்றரையைத் தாண்டினதே கிடையாது.

"என்னண்ணா இது, மாமியாருக்கு வயசாக ஆகத் தெம்பு ஏறுது?" என்றான் சின்னப்பா. துத்தநாகம் ஊற்றுகிறவன் அவன்தான். நீலசந்திராவிலிருந்து வருகிறான். முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டாகச் சூட்டுத் தழும்பு.

குணசேகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோப் தானே சார், மேலே கீழே ஆகும்" என்றான் புதுக் கம்ப்யூட்டர் போட வெளியிலிருந்து வந்த கிரண், நாற்காலியில் சாய்ந்தபடி. "மெட்டீரியல் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. விட்டுடுங்க."

"ஒண்ணு ரெண்டு பர்சன்ட்னா விட்டுடலாம் தம்பி. இது நாலு."

"அஷ்டே தானே சார், வெறும் நாலு."

கிரண் கெட்டிக்காரன். அதில் குணசேகருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கூடத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு மினி கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பீரோ உயரம், முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள், அதற்கு மேல் சிவப்பு விளக்குகள். பெஞ்சின் எடைமானி சொல்வதைக் கேட்டு, டன் கணக்கை அச்சடித்துக் கொடுப்பது அதுதான். அதைச் செய்த கம்பெனி மண்ணாகிவிட்டது. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் எங்கோ செத்த இன்னொரு மெஷினைத் தேடிப் பிடித்து அறுத்து எடுக்க வேண்டும். ஃபோர்ட்ரான் என்கிற பழைய கம்ப்யூட்டர் பாஷையில் எழுதிய மூல ப்ரோகிராம் ஒரு கட்டுக் காகிதமாக அலமாரியில் இருந்தது. கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல டிஸ்க். சோறு வடிக்கிற பானை மூடி அகலம். அதுவும் போய்விட்டால் கதை முடிந்தது என்று இரண்டாயிரத்து மூன்றிலேயே அதன் மேல் எதையும் எழுத முடியாதபடி பூட்டுப் பொத்தானை அமுக்கி, பொத்தான் மேல் டேப் ஒட்டிவிட்டார்கள்.

அந்த டிஸ்கை பைட் பைட்டாகப் படியெடுத்து, கையடக்கப் பெட்டி ஒன்றில் ஒரு எமுலேட்டருக்குள் உட்காரவைத்தான் கிரண். பழைய மெஷின் எப்படி யோசிக்குமோ அப்படியே யோசிக்கிற மாதிரி புதுக் கம்ப்யூட்டருக்குள் எழுதிவைத்த வேஷம் அது. பழைய ப்ரோகிராமுக்குத் தான் வேறு வீட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் வாங்குகிற பழைய கோளாறைக்கூட, எமுலேட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்பைலரைத் தேடிப் போட்டுச் சின்னத் திருத்தம் எழுதிச் சரிசெய்தான். டிஸ்கில் கிடந்த பழைய சோதனைப் பதிவுகளை அதில் ஓட்டிக் காட்டியபோது, தொண்ணூறுகளில் அச்சான விடையோடு நாலாவது தசம இலக்கம் வரைக்கும் பொருந்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவர் குணசேகர்.

தட்டமாட்டாரா? அவருக்கு அறுபத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அந்த மெஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை என்று ஆறு ஆறு மாதமாக நாலு தடவை நீட்டிவிட்டார்கள். வீடு கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்துக்குப் பக்கம். சுரங்கம் மூடிய வருடத்தில் இந்த வேலைக்கு வந்தவர். அன்றிலிருந்து காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்துக்குள் ரயிலில் இடம் பிடித்து, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்து வருகிறார். சாயங்காலம் அதே வழி, தலைகீழாக. இருபத்துநாலு வருடம். முழங்கால் இரண்டும் போய்விட்டன. உட்கார்ந்தால் தூக்கம், படுத்தால் தூக்கம் வருவதில்லை. சொர்க்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஏழு மணி வரைக்கும் படுத்திருக்கிற இடம் என்று சொல்வார். சனிக்கிழமை ரிலீவிங் லெட்டர். அவ்வளவுதான் மிச்சம்.

நாலு பர்சன்ட்.

அவர் எழுந்து ஷட்டர் பக்கம் போனார். பழைய மெஷினைச் சக்கரப் பலகையில் ஏற்றி அங்கே தள்ளிவைத்திருந்தார்கள். ஏதோ இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்தார்கள். லாரி திங்கட்கிழமை வரும். கரண்ட் இல்லாமல் விளக்கெல்லாம் செத்துக் கிடந்தது. அதன் முன்னால் நின்று, எங்கே நாலு பர்சன்ட் போயிருக்கும் என்று யோசித்தார். யோசிக்கும்போதே வலது கை தானாக எழுந்து ஸ்விட்சுகளின் மேல் போய் உட்கார்ந்தது. மூன்று மேலே, இரண்டு கீழே. பிறகு ஒரு தட்டு. மறுபடியும் மேலே, கீழே. தட்டு.

கை பாதியில் நின்றது. இந்தத் தட்டலைப் புதுப் பெட்டியில் யாரும் தட்டவில்லை.

பழைய எடைமானி இரண்டாயிரத்து நாலில் செத்துப்போனது. பூனாவிலிருந்து வந்த புது மானி, உள்ளதைவிட நாலு பர்சன்ட் தூக்கலாகச் சொல்லும் ரகம். ப்ரோகிராமைத் திருத்தலாம் என்றால் மூலம் கரையான் வயிற்றில். டிஸ்கில் எழுதலாம் என்றால் பூட்டு. அப்போது இருந்தவர் பீட்டர், இதே தங்கவயல்காரர், அவரும் குணசேகரும் பதினோரு நாள் நினைவகத்தைத் துழாவி, கணக்கைப் பெருக்குகிற எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அங்கே ஒன்று என்று இருந்தது. அதைப் பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றாறு ஆக்கினால் சரியாகிவிடும். ஆனால் மெஷினை அணைத்தால் போய்விடும். அதனால் சனிக்கிழமை அணைத்துத் திங்கட்கிழமை போடும்போதெல்லாம் முகப்பு ஸ்விட்சுகளில் மூன்று எண்களைக் கையால் இட வேண்டும். இடம் 021734. அதில் 040165. அடுத்ததில் 141217. பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றாறு அந்த மெஷின் பாஷையில் அதுதான். பீட்டர் செத்து ஒன்பது வருடம். அதற்கு முன்பும் பின்பும் குணசேகர்தான் இட்டார். ஆயிரம் திங்கட்கிழமை இருக்கும். இடது கையில் டீ டம்ளர், வலது கை ஸ்விட்சில். சட்டைப் பொத்தான் போடுகிறவன் பொத்தானை நினைப்பதில்லை.

கிரண் கேட்டான். வாரக் கணக்கில் உட்கார்ந்து, நோட்டுப் போட்டுக் கேட்டான். கரண்ட் போட்டதும் என்ன? ஃபேன் சத்தம் சமமாகிற வரைக்கும் நிற்கணும். அப்புறம்? டிஸ்க் விளக்கு எரியணும். அப்புறம்? பூட் பண்ணணும். அப்புறம்?

"அப்புறம் என்ன, டீதான்" என்றார் குணசேகர். கிரண் சிரித்தான்.

கிரண் வருவது புதனும் வியாழனும். திங்கட்கிழமை அவன் அங்கே இருந்ததே இல்லை. டிஸ்கில் உள்ள பழைய பதிவெல்லாம் பழைய எடைமானிக் காலத்தவை. பொருந்தத்தான் செய்யும். கடைசியில், டிஸ்கில் இருப்பதைத் தவிர வேறு எந்தத் திருத்தமும் கிடையாது என்று அச்சடித்த தாளில் குணசேகர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ரயிலிலிருந்து இறங்கி வந்த களைப்பில், நின்றபடி போட்டது.

அவர் சாப்பிடப் போகவில்லை. எமுலேட்டர் ஓடத் தொடங்கிய ஒன்பது நாளில் போன சர்ட்டிபிகேட் நகல்களை எடுத்துவைத்துக்கொண்டு, கால்குலேட்டரில் ஒவ்வொன்றையும் பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றாறால் பெருக்கினார். மொத்தம் இருபத்திரண்டு. இருபத்தொன்று குறைந்தாலும் வரம்புக்கு மேலேயே நின்றது. ஒன்று நிற்கவில்லை. முப்பத்தொன்பதரை டன் தாங்க வேண்டிய கயிறு. சர்ட்டிபிகேட்டில் நாற்பது புள்ளி நாலு. உண்மையில் முப்பத்தெட்டு புள்ளி எட்டு. சந்தாபுராவைத் தாண்டி ஒரு கிரானைட் குவாரிக்குப் போயிருக்கிறது.

மைதிலி மேடத்தின் அறையில் ரிலீவிங் லெட்டர் டைப் ஆகி மேசை மேலேயே இருந்தது. மைதிலி ஆஸ்டின் டவுன்காரி. அந்தக் கூடத்துக்குத் தலைமை. "வாங்க குணசேகர் சார். சனிக்கிழமை பிரியாணி சொல்லிட்டேன். சின்னப்பா ரெண்டு பொட்டலம் இப்பவே புக் பண்ணிட்டான்."

அவர் உட்காராமலே சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். டீயையும் விடவில்லை.

மைதிலி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"கிரணுக்கு?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளும் நேற்றுத்தான் ஒரு ஆடிட்டை முடித்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "சார், நான் சொல்றதக் கேளுங்க. அந்த எண்ணை இன்னைக்கே புதுசுல போட்டுடுங்க. இனிமே சரியா வரும். போனது போனதா இருக்கட்டும். எந்த ரோப்பா இருந்தாலும் அஞ்சு மடங்கு கூட வெச்சுத்தான் வாங்குறாங்க. நாலு பர்சன்ட்ல யாரும் சாகப்போறதில்ல. நீங்க சனிக்கிழமை சாப்ட்டுக் கிளம்புங்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். அயோக்கியத்தனமாக இருந்தால் சண்டை போடலாம். நியாயமாக இருந்தது. குணசேகருக்குக் கட்டிலும் ஏழு மணி வெயிலும் கண்ணுக்குள் வந்து போயின. தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டால் முடிந்தது.

"இருபத்தொண்ணு தேறிடுச்சு மேடம். குவாரி ரோப் தேறல."

"அதுக்கும் அதே அஞ்சு மடங்குதானே?"

"அது நம்ம காகிதத்துல. எட்டு டன் தூக்கச் சொன்ன ரோப்புல அவன் இருபது டன் கல்லைத் தூக்குவான். கல்லை என்ன தராசுலயா வெக்கிறான்? கீழ ஆளுங்க நிப்பாங்க. நகருன்னு சொன்னா நகர இடம் இருக்காது. நான் மைன்ஸ்ல வளந்தவன். மேலே இருக்குறவன் எழுதுற கணக்கு கீழே எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" அவள் குரல் ஏறவில்லை. "இருபத்திரண்டு பேருக்கும் லெட்டர் போகணும். ஒவ்வொரு ரோப்புலயும் புதுத் துண்டு வாங்கி, பழைய மெஷின், புது மெஷின் ரெண்டுலயும் காட்டணும். பழசை ஓட்ட யாரு இருக்கா? அந்த ஷீட்ல கையெழுத்து உங்களுது. என்கொயரி முடியுற வரைக்கும் இந்த லெட்டரை நான் தரமுடியாது."

"மூணு மாசம் ஆகுமா?"

"நாலு."

நாலு மாதம் என்றால் சுமார் நூறு விடியற்காலை. குணசேகர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"குவாரி போன் நம்பர் குடுங்க மேடம். லெட்டர் நீங்க அனுப்புங்க. நான் இப்ப பேசிடறேன்."

அவள் லெட்டரை எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டு நம்பரைத் தேடிக் கொடுத்தாள். "நீங்க கல்லுக்குண்டாட்டம் பேசாம இருந்திருக்கலாம்ல சார்" என்று மட்டும் சொன்னாள்.

குவாரியில் எடுத்தவன் சூப்பர்வைசர் பாலகுமார். பின்னால் மெஷின் இரைச்சல்.

"ரோப்பா? நேத்தே போட்டாச்சு சார். சூப்பரா ஓடுது. உங்க சர்ட்டிபிகேட் லேமினேஷன் பண்ணி மாட்டிட்டோம்."

"அதுல நம்பர் தப்பு. கிரேனை நிறுத்துங்க."

"ஏன் சார் தமாஷ் பண்றீங்க? லோடிங் நடக்குது. ரெண்டு லாரி நிக்குது."

"ரோப் வரம்புக்குக் கீழ. நாங்க தப்பா எழுதிக் குடுத்துட்டோம்."

"அதெல்லாம் எழுத்துல அனுப்புங்க. சாயங்காலம் ஓனர் வருவாரு, பேசிக்குவாரு."

"எழுத்து வரும். இப்ப கல்லு மேல தொங்குதா?"

"தொங்குது."

"எத்தனை டன் இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? பெரிசு."

"ஆளுங்களை விலகச் சொல்லிட்டு மெதுவா இறக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"நீங்க யாரு சார் எனக்கு ஆர்டர் போட?"

"தப்பா எழுதினவன். இறக்குப்பா. வெச்சுட்டுத் திட்டு, கேட்டுக்கறேன்."

பாலகுமார் கன்னடத்தில் யாரையோ கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட்டான். விலகுங்கடா என்று தமிழில் கத்தினான். கயிற்றைச் சுற்றுகிற வின்ச் முனகுகிற சத்தம் போனில் நீளமாகக் கேட்டது. குணசேகர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ பலமாக உட்கார்ந்த ஓசை. பிறகு இரைச்சல் நின்றது.

"இறக்கியாச்சு. ஓனர்கிட்ட உங்க லேப் பேரச் சொல்லி நாறடிக்கப் போறேன், பாத்துக்குங்க."

"சொல்லுங்க. என் பேரையும் சேத்துச் சொல்லுங்க. குணசேகர்."

அதற்கப்புறம்தான் கிரணிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போனது. எமுலேட்டர் எழும்பும்போது படிக்கிற கோப்பைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல மூன்று எண்களைத் தட்டினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானா சார்? ரெண்டு லைன்!"

"இவ்ளோதான்."

"நான் கேட்டேனே சார். நோட்டுல பாருங்க, கடைசி ஸ்டெப் டீன்னு எழுதிவெச்சிருக்கேன்."

"நீ கேட்டே. தப்பு என்னோடது. அப்படியே எழுதிக்க, என்கொயரியில கேப்பாங்க."

அன்றைக்கு வீடு போய்ச் சேர ஒன்பதாகிவிட்டது. மனைவி ரஞ்சிதம் தட்டில் களியை வைத்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை என் தம்பி குடும்பத்தோட வரான். என்னன்னு சொல்றது?" என்றாள்.

"நாலு மாசம் கழிச்சு வரச் சொல்லு."

"யாரு கேட்டா உங்கள? அந்தம்மாவே விட்டுடுங்கன்னு சொன்னாங்கல்ல? ஊர்ல இருக்குற கல்லெல்லாம் உங்க தலையிலயா தொங்குது?"

அவர் களியைப் பிசைந்தபடி இருந்தார். அவள் கேட்டதும் நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்துபோய் அலாரத்தை நாலுக்கு வைத்தாள், சத்தமாக, அவருக்குக் கேட்கிற மாதிரி.

திங்கட்கிழமை காலேஜ் லாரி வெறுமனே திரும்பிப் போனது. சக்கரப் பலகையிலிருந்து மெஷினை இறக்கி, பழைய இடத்துக்குத் தள்ளி, ஒயர்களைப் பூட்ட மத்தியானமாகிவிட்டது. ஸ்விட்ச் போடுவதைப் படமெடுக்க, தன் நாள் இல்லாவிட்டாலும், கிரண் செல்போனோடு வந்து நின்றான்.

"மூஞ்சிய எடுக்காதே. கைய எடு."

யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றதும் விரல் தடுமாறியது. இரண்டாவது எண்ணில் தப்பு. மறுபடி. மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை சின்னப்பாவைக் கூப்பிட்டு, "ஒரு டம்ளர் டீ குட்றா, கையில வெச்சுக்கறேன்" என்றார். வந்தது. இடது கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இட்டார். சரியாக விழுந்தது. கிரண் படத்தை நிறுத்திவிட்டு, "டீயையும் ஸ்டெப்ல சேத்துடவா?" என்றான். குணசேகருக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

புதன்கிழமை குவாரிக் கயிறு வந்தது. கிரீஸும் கல் தூளும் அப்பி, முனை நசுங்கி. சின்னப்பா நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, கழுவி, துத்தநாகம் ஊற்றி ஆறவைத்தான். எடைமானியிலிருந்து வரும் ஒயரை இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பழையதற்கும் ஒன்றைப் புதியதற்கும் கொடுத்தான் கிரண். மைதிலியும் கீழே இறங்கி வந்து கம்பி வலைக்குப் பின்னால் நின்றாள். பெஞ்ச் இழுத்தது. முப்பது. முப்பத்தைந்து. ஒரு இழை படீரென்றது, பிறகு இன்னொன்று, பிறகு மொத்தமும். கூரைத் தகரம் அதிர்ந்தது.

பழைய மெஷின் தட்தட்டென்று அச்சடித்தது. 38.7. புதுத் திரையிலும் அதே 38.7.

"மேட்ச்!" என்று கத்தினான் கிரண். கத்திய பிறகுதான் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நினைவு வந்ததுபோல வாயை மூடிக்கொண்டான். மைதிலி அச்சுத் தாளைக் கிழித்து எடுத்து, மடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

குணசேகர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காது இன்னும் இரைந்தது. அப்படியே கண்ணை மூடினால் தூங்கிவிடுவார் போலிருந்தது.

"அண்ணா" என்றான் சின்னப்பா அடுத்த துண்டின் பக்கத்திலிருந்து. "ஒரு ஆளால தூக்கமுடியல. இன்னும் இருபத்தொண்ணு இருக்கு."

"வரேன் இருடா" என்று கையுறையைத் தேடிப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்துபோய், கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.